முந்நூறு பள்ளிவாசல்களின் ஊரில் மூன்று நாள்கள்



இத்தாலிக்குச் சென்று வந்தோம் என்று சொன்னால், ரோமாபுரியைப் பற்றியும் வெனிஸைப் பற்றியும் பீசாவின் சாய்ந்த கோபுரத்தைப் பற்றியுமே எல்லாரும் விசாரிக்கிறார்கள். நாங்கள் சென்றது அவற்றில் எதற்கும் அன்று. ஆப்பிரிக்கக் கரையை நோக்கிக் கிடக்கும் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு. ஒரே தெருவில் பிறந்து, ஒரே மதரஸாவில் குர்ஆன் ஓதி, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நால்வர் நாங்கள். ஐம்பதைக் கடந்த வயதில், ஒரு முறையேனும் சேர்ந்து பயணம் போக வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசி வந்தோம். மிலானில் பணிபுரியும் எங்கள் தோழர் பயணச்சீட்டும் தங்குமிடமும் ஏற்பாடு செய்ய, நவம்பர் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை பலெர்மோவில் இறங்கினோம். ஞாயிறு காலை திரும்ப வேண்டும்.

பயணத்தைப் பற்றி எழுதுமுன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களுள் இருவர் உறவினர். ஜவுளிக்கடை நடத்துபவரின் தங்கையைப் பொறியாளர் மணந்திருக்கிறார். ஒருவரையொருவர் மச்சான் என்று அழைப்பவர்கள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மஹல்லா இரண்டாகப் பிரிந்தது. பிறையை எவ்வாறு முடிவு செய்வது என்பதில் தொடங்கி, தொழுகைக்குப் பின் கூட்டாகத் துஆ ஓதுவதா தனித்தனியே ஓதுவதா என்பதில் வளர்ந்து, நிர்வாகக் கணக்கில் முற்றி, பழைய பள்ளிவாசலிலிருந்து நூறு அடி தொலைவில் புதியது ஒன்று எழுந்தது. ஜவுளிக்கடைக்காரர் பழைய பள்ளிக்கும், பொறியாளர் புதிய பள்ளிக்கும் செல்லலாயினர். அன்று முதல் இருவரும் ஒருவர் பின் ஒருவர் நின்று தொழுததில்லை. பயணத்துக்கு முந்தைய நோன்புப் பெருநாளன்று அண்ணன் வீட்டில் பிரியாணி. தங்கை வீட்டில் முப்பதாவது நோன்பு. அண்ணன் வீட்டிலிருந்து மூடிய சஹன் தங்கையின் வாசல் வரை சென்று, உள்ளே வாங்கப்படாமல் திரும்பி வந்தது. இதைப் பற்றி விமானத்தில் யாரும் பேசவில்லை. எப்போதுமே பேசுவதில்லை.

தங்குமிடத்துக் குளியலறையில் கழிவறை இருக்கைக்குப் பக்கத்தில், கழுவிக்கொள்வதற்கென்றே குழாயுடன் தாழ்ந்த பீங்கான் தொட்டி ஒன்று இருந்தது. இத்தாலியர் அதனை பிதே என்கிறார்கள். 1975ஆம் ஆண்டின் அரசாணைப்படி இத்தாலிய வீடு ஒவ்வொன்றிலும் ஒரு குளியலறையிலாவது அது இருந்தாக வேண்டும் என்று மிலான் தோழர் சொன்னபோது, ஐரோப்பாவின் பிற நகரங்களில் தண்ணீர்ப் போத்தலும் கையுமாக அலைந்தவர்களுக்கு மனம் குளிர்ந்தது. ஒளுச் செய்து, கிப்லாவைப் பார்த்தோம். மக்கா அங்கிருந்து தென்கிழக்கே இருக்கிறது. மேற்கு நோக்கித் தொழுதே பழகிய உடல், சன்னல் பக்கமாகத் திரும்பத் தயங்கியது.

பயணிகள் என்பதால் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ எண்ணினோம். எங்களுள் மூத்தவர், நாங்கள் காக்கா என்று அழைப்பவர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவர் இமாமாக முன்னே நின்றார். ஜவுளிக்கடைக்காரர் அவருக்குப் பின்னால் நின்றார். பொறியாளர், "எனக்குக் கொஞ்சம் நேரமாகும்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் முடித்த பின், மிலான் தோழரைத் துணைக்கு அழைத்து, அதே அறையில், அதே விரிப்பில் தனி ஜமாஅத் வைத்தார். காக்கா பழைய பள்ளியின் நிர்வாகத்தில் ஒரு காலத்தில் இருந்தவர் என்பதே காரணம். கட்டில்களுக்கு இடையே பத்தடி இடம். அதில் இரண்டு ஜமாஅத். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துப் படுத்தோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே பேராலயத்தைக் காணச் சென்றோம். அதற்குச் செல்லும் நெடுந்தெருவைப் பலெர்மோ மக்கள் இன்றும் கஸ்ஸாரோ என்கிறார்கள். அரபியின் அல்கஸ்ர், அதாவது கோட்டை என்ற சொல்லிலிருந்து வந்தது. கடற்கரைப் பக்கமுள்ள கால்ஸா என்னும் பகுதியின் பெயர் அல்காலிஸாவிலிருந்து வந்தது. 831ஆம் ஆண்டு வடஆப்பிரிக்க அக்லபிகள் இந்நகரைக் கைப்பற்றினர். 1072ஆம் ஆண்டு நார்மானியர் அதை வென்றெடுக்கும் வரை, இரண்டரை நூற்றாண்டுகளுக்குச் சற்றே குறைந்த காலம், இது முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது.

பேராலயம் நிற்கும் இடம் முதலில் கிறித்தவ ஆலயமாக இருந்தது. பின்பு ஜும்ஆ பள்ளிவாசலாயிற்று. நார்மானியர் காலத்தில் மீண்டும் ஆலயமாயிற்று. இன்றைய கட்டடத்தின் பணி 1185ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் தெற்கு வாயில் மண்டபத்தில் இடப்பக்கத் தூணை மிலான் தோழர் சுட்டிக்காட்டினார். தூணின் மேற்பகுதியில், கல்லில் செதுக்கிய அரபு எழுத்துகள். பழைய பள்ளிவாசலுக்கு உரியதாகக் கருதப்படும் தூண் அது. பொறியாளர் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். அஃராஃப் அத்தியாயத்தின் 54ஆம் வசனம். இறைவன் வானங்களையும் பூமியையும் படைத்ததையும், இரவைக் கொண்டு பகலை மூடுவதையும் கூறும் வசனம். பொறியாளர் நிறுத்திய இடத்தில் ஜவுளிக்கடைக்காரர் தொடர்ந்து ஓதினார். இருவரும் ஒரே உஸ்தாதிடம் ஓதியவர்கள். ஏற்ற இறக்கம்கூட ஒன்றாகவே இருந்தது.

ஓதி முடித்ததும் ஜவுளிக்கடைக்காரரின் கண்கள் கலங்கின. "இவ்வளவையும் இழந்துவிட்டோமே காக்கா" என்றார்.

ஆலயத்துக்கு முன்னுள்ள தோட்டத்துத் திண்ணையில் அமர்ந்து காக்கா மெல்லப் பேசினார். "இழந்தது எப்படி என்பதையும் கொஞ்சம் பார்ப்போமே" என்று தொடங்கி, இப்னு ஹவ்கல் என்ற பயணியைப் பற்றிச் சொன்னார். 973ஆம் ஆண்டில், முஸ்லிம்களின் ஆட்சி நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அவர் இந்நகருக்கு வந்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இங்கிருந்ததாக எழுதிவைத்திருக்கிறார். முந்நூறு என்ற எண்ணைக் கேட்டதும் எங்களுக்குள் ஒரு பெருமிதம் எழுந்தது. காக்கா சிரித்தார். "அவசரப்படாதீர்கள். அந்த மனிதருக்கு இவ்வூர்க்காரர்களைச் சற்றும் பிடிக்கவில்லை. பச்சை வெங்காயத்தை அளவில்லாமல் தின்றே இவர்கள் புத்தி கெட்டது என்று எழுதியவர்." நாங்களும் சிரித்தோம்.

பிறகு அவர் சொன்னதைக் கேட்டுச் சிரிப்பு நின்றது. இப்னு ஹவ்கல் ஒரு மார்க்க அறிஞரின் வீட்டருகே நின்றபோது, அம்பு எய்தால் விழும் தொலைவுக்குள் ஏறத்தாழப் பத்துப் பள்ளிவாசல்களைக் கண்டார். சில, தெருவின் இருபுறமும் எதிரெதிரே நின்றன. இத்தனை எதற்கு என்று விசாரித்தார். இவ்வூரார் செருக்கு மிகுந்தவர்கள், ஒவ்வொருவரும் தமக்கென்றே ஒரு பள்ளி வேண்டும் என்று விரும்புகிறார்கள், வேறொருவருடன் பகிர்ந்துகொள்ள மனமில்லை என்று விடை வந்தது. அடுத்தடுத்த வீடுகளில் வாழும் சகோதரர்கள்கூட ஆளுக்கொரு பள்ளி கட்டிக்கொண்டார்கள். அந்த அறிஞரின் பள்ளியிலிருந்து இருபது எட்டு வைத்தால், அவருடைய மகன் தனக்கென்று கட்டிய பள்ளி வந்துவிடும்.

இருபது எட்டு. நாங்கள் நால்வரும் எங்கள் தெருவையே நினைத்தோம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நேற்றிரவு கட்டில்களுக்கு இடையே நாங்கள் விரித்த விரிப்பையும் நினைத்தோம். பொறியாளர் எழுந்து, தூணின் பக்கம் மறுபடியும் போய் நின்றார்.

ஜும்ஆவுக்கு நேரமாயிற்று. பல்லாரோ சந்தை வழியாக நடந்தோம். கூடாரத் துணிகளுக்கடியில் மீனும் கத்தரிக்காயும் ஆலிவும் மலைபோல் குவிந்திருந்தன. விற்பவர்கள் ராகம் போட்டுக் கூவும் குரல், எங்கள் ஊர் மீன் சந்தையை நினைவூட்டியது. கொண்டைக்கடலை மாவை வேகவைத்து, ஆறவைத்து, வில்லைகளாக வெட்டி எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். பசி, ஆனால் அந்த எண்ணெயில் வேறென்ன பொரித்தார்களோ என்ற ஐயம். தயங்கி நிற்கையில் பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணை, நீங்கள் தமிழோ?"

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக இங்கே வாழ்பவர். இலங்கைத் தமிழர் குடும்பங்கள் இந்நகரில் நிறைய உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம். எங்கள் தயக்கத்தைச் சொன்னோம். அவர் கடைக்காரரிடம் இத்தாலிய மொழியில் விளக்கமாக விசாரித்துவிட்டு, "இந்த எண்ணெயில வேற ஒண்டும் பொரிக்கிறேல்லையாம். பயமில்லாமச் சாப்பிடுங்கோ" என்றார். தாம் சைவர் என்றும், ஆனால் நகருக்கு மேலே உள்ள பெல்லெக்ரினோ மலைக்கு, பலெர்மோவின் காவல் புனிதையான ரொசாலியாவின் குகைக்கு, தமிழர்கள் கூட்டமாக நடந்தே ஏறுவார்கள் என்றும் சொன்னார். பள்ளிவாசலுக்கு வழி கேட்டோம். சொல்லி அனுப்பாமல், பாதி வழி கூடவே நடந்து வந்து காட்டிவிட்டுப் போனார். அவருடைய வழி வேறு. ஆனாலும் எங்கள் தொழுகை தவறக்கூடாது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை எங்களைத் தொட்டது.

காக்கா நடந்தபடியே இன்னொன்றையும் சொன்னார். 1154ஆம் ஆண்டில், இரண்டாம் ரோஜர் மன்னருக்காக அல்இத்ரீஸீ என்ற முஸ்லிம் புவியியலாளர் இந்நகரிலிருந்து உலகப் படங்கள் எழுபதும், அவற்றுக்கு விளக்கமாகப் பெரும் நூலும் ஆக்கி முடித்தார். ஸரந்தீப், அதாவது இலங்கை, அதில் உண்டு. அந்தத் தீவை இங்கிருந்தபடி வரைந்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அந்தத் தீவின் பிள்ளை ஒருவர் எங்களுக்கு இங்கே வழிகாட்டினார்.

பள்ளிவாசல் முன்பு கிறித்தவ ஆலயமாக இருந்த கட்டடம். 1990 முதல் அது தொழும் இடமாக இருக்கிறது. துனீசியர்கள் நடத்தி வருகிறார்கள். பேராலயத்தில் பள்ளிவாசலின் தூணைக் கண்டு கலங்கிய நாங்கள், ஒரு மணி நேரத்துக்குள் ஆலயத்தின் சுவர்களுக்குள் ஸஃப்பில் நின்றோம். கட்டடங்கள் கை மாறும் கதையில் நமக்கு மட்டுமே குறை சொல்ல இடமில்லை என்பது அங்கே விளங்கியது.

துனீசியர், மொராக்கோவினர், வங்காளதேசத்தினர், ஆப்பிரிக்கர் எனப் பலர் வந்திருந்தார்கள். ஒருவர் நெஞ்சின் மேல் கை கட்டினார்; ஒருவர் வயிற்றின் மேல்; ஒருவர் கைகளைத் தொங்கவிட்டிருந்தார். இமாம் மிம்பரில் ஏறினார். குத்பா தொடங்கியபோது காக்காவின் தோள் குலுங்கியதைப் பக்கத்தில் இருந்தவர்கள் உணர்ந்தோம். காரணத்தை அவர் பின்னர்தான் சொன்னார். 1184ஆம் ஆண்டு டிசம்பரில், ரமளான் மாதத்தில், ஹஜ் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த இப்னு ஜுபைர் இந்நகரில் ஏழு நாள்கள் தங்கினார். அப்போது கிறித்தவ மன்னரின் ஆட்சி. முஸ்லிம்களுக்குக் காஜி இருந்தார். பள்ளிவாசல்கள் எண்ணற்றவை இருந்தன. ரமளானில் பெரிய பள்ளியில் விளக்குகளின் கீழ் எல்லாரும் கூடினார்கள். ஆனால் ஜும்ஆ இல்லை. குத்பா ஓதுவதற்குத் தடை இருந்தது. பெருநாள்களில் மட்டுமே ஓதலாம். ஒரு காலத்தில் தந்தையும் மகனும் தனித்தனிப் பள்ளி கட்டிக்கொண்ட ஊரில், பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் ஒரே பள்ளியில் நெருக்கியடித்து நின்றார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமைக் குத்பாவைக் கேட்கும் பேறு இல்லை.

தொழுகை முடிந்து வெளியே வந்ததும் பொறியாளர் சொன்னார்: "இந்த இமாம் எந்த ஜமாஅத் என்று நாம் ஒருவருமே கேட்கவில்லை." ஜவுளிக்கடைக்காரர், "கேட்கத் தோன்றவில்லை மச்சான்" என்றார். பதினொரு ஆண்டுகளில் அந்தப் பொருளைப் பற்றி இருவரும் பரிமாறிக்கொண்ட முதல் சொற்கள் அவை.

சனிக்கிழமை அரச மாளிகைக்குச் சென்றோம். சிசிலியின் சட்டமன்றம் இன்று கூடுவதும் அதே மாளிகையில்தான். அதனுள் இரண்டாம் ரோஜர் 1140களை ஒட்டிக் கட்டுவித்த சிற்றாலயம் இருக்கிறது. சுவரெங்கும் பொன்னிறப் பைஸாந்தியச் சித்திரங்கள். அண்ணாந்து பார்த்தால் முஸ்லிம் கைவினைஞர்களின் மரவேலை. தேன்கூடு போல் அடுக்கடுக்காகத் தொங்கும் முகர்னஸ் விதானம். அதன் விளிம்புகளில் கூஃபி எழுத்தில் வாழ்த்துச் சொற்கள். அதே மாளிகையில், மன்னர் 1142இல் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் பொறித்த கல்லும் உண்டு.

பிற்பகலில் ஸீஸா மாளிகை. அரபியின் அல்அஸீஸ் என்ற சொல்லே அப்பெயரானது. உள்ளே நீர் பளிங்குச் சரிவில் இறங்கி வாய்க்காலாக ஓடி, கூடத்தைக் குளிர்விக்கும்படி கட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு கல்லறைக் கல் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது. கிரிஸாந்தஸ் என்ற கிறித்தவக் குரு, தம் தாய் அன்னாவுக்காக 1149ஆம் ஆண்டில் வைத்தது. இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என ஒரே செய்தி நான்கு விதமாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஆண்டு அவரவர் கணக்கில்; அரபுப் பகுதியில் ஹிஜ்ரி 543. ஒரு தாயின் மரணத்துக்கு நான்கு நாள்காட்டிகள், கல் ஒன்று. "நமக்கு நாள்காட்டி ஒன்றுதான்" என்றார் மிலான் தோழர். மேற்கொண்டு அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அன்றிரவு காக்கா சொன்ன கதைதான் இப்பயணத்தின் பாரமான பகுதி. நார்மானியர் சிசிலிக்குள் எப்படி வந்தனர் என்று பொறியாளரே கேட்டார். பதினோராம் நூற்றாண்டின் நடுவில் தீவு பல சிற்றரசுகளாகச் சிதறியிருந்தது. இப்னு அல்துமனா ஒரு பகுதியின் தலைவன்; இப்னு அல்ஹவ்வாஸ் மற்றொன்றின் தலைவன். இரண்டாமவனின் சகோதரி மைமூனாவை முதலாமவன் மணந்திருந்தான். ஒருநாள் போதையில் மனைவியின் நரம்புகளை வெட்டச் செய்தான். மகன் மருத்துவர்களை அழைத்துத் தாயைக் காப்பாற்றினான். பின்பு அவள் அண்ணன் வீட்டுக்குச் சென்றாள். அண்ணன் திருப்பி அனுப்ப மறுத்தான். மச்சான்கள் இருவரும் படை திரட்டி மோதினார்கள். தோற்ற இப்னு அல்துமனா கடல் கடந்து நார்மானியரிடம் உதவி கேட்டுப் போனான். 1061இல் மெஸ்ஸீனா வீழ்ந்தது, 1072இல் பலெர்மோ, 1091இல் கடைசி ஊரான நோத்தோ. அடுத்த நூற்றாண்டுகளில் எஞ்சியிருந்த முஸ்லிம்களை இரண்டாம் பிரெடெரிக் பேரரசர் இத்தாலியப் பெருநிலத்தின் லுசேராவுக்குக் குடிபெயர்த்தார். 1300இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டு, மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

"ஒரு குடும்பச் சண்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மாட்டேன்" என்று முடித்தார் காக்கா. "காரணங்கள் பல. ஆனால் கதவு உள்ளிருந்துதான் திறந்தது."

அன்று இஷாவும் இரண்டு ஜமாஅத்தாகவே நடந்தது. கதை கேட்ட கையோடு மாறிவிடும் மனம் யாருக்கு வாய்க்கிறது?

ஞாயிறு விடியலில் சுபுஹுக்கு எழுந்தபோது, ஜவுளிக்கடைக்காரர் ஏற்கெனவே ஒளுச் செய்து விரிப்பின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். தொழுதிருக்கவில்லை. பொறியாளர் குளியலறையிலிருந்து வரும் வரை காத்திருந்தார். வந்ததும் எழுந்து நின்று, "நீங்கள் முன்னே நில்லுங்கள் மச்சான்" என்றார். பொறியாளர் காக்காவைப் பார்த்தார். காக்கா தரையைப் பார்த்தார். சற்று நேரம் அப்படியே கழிந்தது. பின் அவர் முன்னே சென்று தக்பீர் கட்டினார். அவருக்குப் பின்னால் மூவரும் ஒரே ஸஃப்பில் நின்றோம். அறை நெருக்கமானது, தோளோடு தோள் சேராமல் நிற்க இடமுமில்லை. ஸலாம் கொடுத்த பின் ஒவ்வொருவரும் கையேந்தினோம். அது கூட்டுத் துஆவா, தனித் துஆவா என்று எங்களால் சொல்ல முடியாது. ஆமீன் என்ற சொல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

ஊர் திரும்பினோம். இரண்டு பள்ளிவாசல்களும் நூறு அடி இடைவெளியில் அப்படியே நிற்கின்றன. இருவரும் தத்தம் பள்ளிக்கே செல்கிறார்கள். அண்மையில் வந்த பெருநாளும் எங்கள் தெருவுக்கு இரண்டு நாள்களாகவே வந்தது. அண்ணன் வீட்டுச் சஹன் இம்முறையும் தங்கை வீட்டு வாசலுக்குச் சென்றது. அவர்கள் அதை வாங்கி மூடி வைத்து, மஃரிபு வரை காத்திருந்து, அதைக் கொண்டே நோன்பு திறந்தார்கள். மறுநாள் அவர்களின் பெருநாளன்று அதே சஹன் நிறைந்து திரும்பி வந்தது.

பலெர்மோவுக்குச் செல்பவர்கள் அந்தத் தூணைத் தவறாமல் காண வேண்டும். ஆனால் இழந்த பெருமையை எண்ணி அழுதுவிட்டு வந்துவிட வேண்டாம். நம் தெருவில் எத்தனை பள்ளிகள் என்பதை விட, ஒவ்வொன்றும் யாருக்காகக் கட்டப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு வர வேண்டும். நம் அனைவரின் உள்ளங்களையும் அல்லாஹ் ஒன்றிணைப்பானாக. ஆமீன்.